ஆறு வட்டங்கள்

சாலை வளைவிலேயே வண்டியை நிறுத்திவிட்டேன்.
சுப்பீரியர் ஏரி இரவெல்லாம் கொட்டிய பனி
குர்ட்டி வீட்டுக் கூரைமேல் இரண்டடி.
அதில் வரிசையாக ஆறு கரிய வட்டங்கள்,
சூடான சட்டிகளை யாரோ
வைத்து எடுத்ததுபோல.

எண்ணினேன். ஆறு.
எண்ணாமலே தெரியும்.

கதவைத் திறந்தவள் இம்பி.
வீட்டுக்குள்ளேயே கோட்டு, கம்பளித் தொப்பி,
கையில் வாளி.
"வெளியே வெயில் அடித்தால்
எங்களுக்கு உள்ளே மழை" என்றாள்.

கூடத்துக்குத் தேவாலயக் கூரை.
இருபுறமும் சாய்ந்தேறி
இருபத்துநான்கடி உயரத்தில்
கும்பிட்ட கைகளாய்க் கூடுகிறது.
கைகளுக்குள் அகப்பட்ட பூச்சியாக ஒரு மின்விசிறி.
அதன் இறக்கையில் ஒரு பலூன் நூல்,
யாருடைய பிறந்தநாள் என்று
இருவருக்குமே நினைவில்லை.

ரெய்னோ அடுப்பை விட்டு எழுந்து வரவில்லை.
"தின்கிறது, தின்கிறது, காடே தீர்ந்துவிடும்.
சூடெல்லாம் எங்கேதான் போகிறது?"
விரலால் மேலே காட்டினேன்.

சானாவில் மேல்பலகைக்குச் சண்டை போடும் ஊர் இது.
ஆவி அங்கேதான் இருக்கும் என்று
ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.
தெரிந்து என்ன,
ஆள் ஏறமுடியாத உயரத்தில்
ஒரு மேல்பலகையைக் கட்டிவைத்துவிட்டுக்
கீழ்ப்பலகையில் நடுங்குகிறோம்.

ஏணியை விரித்து ஏறினேன்.
பத்தாவது படியில் கையுறையைக் கழற்றினேன்.
பதினைந்தில் பொத்தான்.
இருபதில் வியர்த்தது.
அங்கே இருந்தது
அவர்கள் எரித்த மேப்பிள் விறகு அத்தனையும்.
கூடவே நேற்றைய மீன் சூப்பு,
ரெய்னோ விட்டுவிட்டதாக ஊர் நம்பும் புகையிலை,
வாடகை தராமல் மாடியில்
குடியிருப்பவர்கள்போல.

விசிறியின் வயிற்றில் ஒரு சின்ன விசை.
கோடைக்கு ஒரு திசை, குளிருக்கு மறுதிசை.
பத்தொன்பது வருடமாய் யாரும் தொட்டதில்லை.
நகத்தால் நெம்பித் தள்ளினேன்.

பிறகு விளக்குகள்.
கூரைக்குள் புதைத்த ஆறில்
ஒன்றைக் கழற்றி உள்ளே பார்த்தேன்.
தப்பிப்போகும் காற்றின் தூசியை வடிகட்டி வடிகட்டி
பஞ்சு கறுத்திருந்தது.
ஆணி நுனிதோறும் உறைபனி,
வெயில் பட்ட பக்கம் சொட்டு.
பலகைக்கும் பஞ்சுக்கும் நடுவே
காற்று போக விரற்கடை வழியில்லை.
முகட்டில் திறப்பு இருக்கிறது, இறவாணத்தில் இல்லை.
மூக்கை வைத்து வாயைத் தைத்த வீடு.

ஓட்டை மட்டும் வெகு சுத்தம்.
விளிம்பில் ஒரு பிசிறில்லை.
நல்ல கை.

என் கை.
இருபத்திரண்டு வயது, முதல் பெரிய வேலை,
கடன் வாங்கிய பணத்தில் புதுத் துளைரம்பம்.
ஆறும் எரிந்த அன்று
கூடத்தின் நடுவில் மல்லாந்து படுத்துப் பார்த்தேன்,
நட்சத்திரங்களை நானே பதித்தவன் மாதிரி.

இறங்கி வந்து சொன்னேன்.
சொல்லாமலும் இருந்திருக்கலாம்.
ரெய்னோ வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"அப்போது உனக்கு மீசை இருந்தது" என்றார்.

"மூடிவிடுவாயா?" என்றாள் இம்பி.
"மூடி, விட்டத்தின் ஓரமாய்ப் பட்டை விளக்கு வைக்கிறேன்.
வெளிச்சம் மேலே போய்ச் சாய்வில் பட்டு இறங்கும்,
ஓட்டை வேண்டாம்.
பனி கரைந்ததும் இறவாணத்தைத் திறக்கவேண்டும்."

கொஞ்ச நேரம் அண்ணாந்து நின்றாள்.
"புயலில் வரும்போது எல்லா வீடும் ஒரே வெள்ளை.
ஆறு கறுப்பை எண்ணித்தான்
இந்த வளைவில் திரும்புவேன்."

அதற்கு என் பெட்டியில் கருவி இல்லை.

விசிறியைப் போட்டேன்.
முனகியது.
பத்தொன்பது வருடத் தூசியை என் தலையில் கொட்டியது.
பிறகு பின்னோக்கிச் சுற்றத் தொடங்கியது, மெதுவாக.
காற்று முகத்தில் படவில்லை,
சுவரோரமாய்த் திருடன்போல் இறங்கியது.

யாரும் பேசவில்லை.
முதலில் மீன் சூப்பு வாசம் வந்தது.
அடுத்துப் புகையிலை.

இம்பி தொப்பியைக் கழற்றிக்கொண்டே
ரெய்னோவைத் திரும்பிப் பார்த்தாள்.